பாண்டி பெட்ரோல் போட்ட பிறகு புல்லட் தடுமாறுது: கார்பரேட்டரில் எங்கே தேடுவது?

அக்டோபர் 5, ஞாயிறு காலை | கேள்வி, கடலூர் மஞ்சக்குப்பம்

வண்டி 89 மாடல் புல்லட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின், பாயிண்ட் இக்னிஷன், மிக்கார்ப் விஎம்24 கார்பரேட்டர். வாரம் மூணு நாள் கடலூர்-பாண்டி போய் வரும். மூணு மாசமா பாண்டி எல்லையில இருக்கிற முள்ளோடை பங்க்லதான் பெட்ரோல், விலை குறைவுங்கிறதால. தொல்லையும் அதே மூணு மாசமாத்தான்.

காலையில ஒரே உதை, சோக் கூட வேண்டாம். கிருமாம்பாக்கம் வரைக்கும் அருமையா ஓடும். இன்ஜின் நல்லா சூடானதும் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில ஓடுறது) நிக்காது, ஏறி இறங்கி அணைஞ்சிடும். சூட்டுல திரும்ப ஸ்டார்ட் பண்ண ஏழெட்டு உதை. பிளக் அடுப்புக்கரி மாதிரி இருக்கு. மைலேஜ் 35ல இருந்து 24க்கு வந்துடுச்சு. வேகமா போனா ஒரு குறையும் இல்லை. மெக்கானிக் ரெண்டு தடவை கார்பரேட்டரைக் கழுவினார், மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடற ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு) ஒரு எண் குறைச்சார், நீடிலையும் ஏதோ பண்ணினார். ஒண்ணும் மாறலை. பாண்டி பெட்ரோல்லதான் கோளாறுன்னு நினைக்கிறேன். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

அக்டோபர் 5, ஞாயிறு இரவு | பதில்

தம்பி, பெட்ரோலை முதல்ல விட்டுடுங்க. பாண்டியில விலை குறைவா இருக்கிறது வரி குறைவுங்கிறதால. முள்ளோடையில போட்டாலும் கடலூர் செம்மண்டலத்துல போட்டாலும் இப்போ வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20தான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. எத்தனால் கூடினா கலவை லீன் ஆகும், அதாவது காற்று மிஞ்சும், பெட்ரோல் குறையும். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால அதே ஜெட்டுல ஈ20 ஓடினா கலவை கொஞ்சம் வறண்டு போகும், பிளக் வெளுக்கும். உங்க பிளக் கரியா இருக்கு. உங்க வண்டிக்கு இருக்கிற நோய் நேர் எதிர்ப்பக்கம்.

மெயின் ஜெட்டை மாத்தினதும் பயன் இல்லாத வேலை. ஐடிலிங்ல மெயின் ஜெட்டுக்குப் பங்கே கிடையாது. ஆக்ஸிலேட்டர் பிடியில ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மூடின நிலை, கால், அரை, முக்கால், முழுசுன்னு கோடு போடுங்க. குறை எந்தக் கோட்டுல வருதுன்னு பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

மூடின நிலையிலிருந்து எட்டுல ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் (ஐடிலிங்குக்கான சின்ன ஜெட்) ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் (ஆக்ஸிலேட்டரைத் திருகினா ஏறி இறங்குற உருளை) அடியில இருக்கிற வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடுல தொங்குற நீடிலும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேலதான் மெயின் ஜெட். ஃப்ளோட் (அடிக் கிண்ணத்துல பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவை) மட்டம் எல்லா இடத்தையும் பாதிக்கும், ஆனா கீழ்ப்பகுதியிலதான் அதிகம் தெரியும்.

உங்க குறை முழுக்க மூடின நிலையில இருக்கு. ஃப்ளோட்டைச் சந்தேகப்படுறேன். விவரமா நாளைக்கு எழுதுறேன்.

அக்டோபர் 6, திங்கள்

கார்பரேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. பழைய புல்லட்டுல கார்பரேட்டர் மேல போடுற பழியில பெரும்பங்கு பாயிண்ட் (பிளக் பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கிற தொடுமுனை) டப்பாவுக்குள்ளதான் இருக்கும்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வச்சுப் பாருங்க, கண் மதிப்பு வேண்டாம். பாயிண்ட் முகத்துல ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழின்னு இருந்தா கண்டென்சர் (பாயிண்ட்ல பொறியை அடக்குற பாகம்) போயிட்டிருக்கு. ஓடும்போது பாயிண்ட்ல பெரிய நீலப் பொறி தெரிஞ்சாலும் அதேதான். கண்டென்சர் சூட்டுல மட்டும் கைவிடும், ஆறினதும் நல்ல பிள்ளையா வேலை செய்யும். உங்க அறிகுறியோட குழப்பிக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு.

டேப்பட் (வால்வு இடைவெளி): இன்ஜின் முழுசா ஆறின பிறகு, காலையில முதல் வேலையா. பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல உச்சியில நிக்கணும். புஷ் ராடு ரெண்டு விரல்ல சுலபமா சுத்தணும், மேல கீழ ஆடக் கூடாது. இதைவிட டைட்டா இருந்தா சூட்டுல வால்வு முழுசா மூடாது, ஐடிலிங் போயிடும்.

மூணாவது, ஏர் ஃபில்டர். அடைஞ்ச ஃபில்டர் கலவையை ரிச் ஆக்கும், அதாவது பெட்ரோல் மிஞ்சும். கழட்டி வெயிலுக்கு எதிரே பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் தெரியணும். சோதனைக்காகக் கூட ஃபில்டர் இல்லாம நீண்ட தூரம் ஓட்டாதீங்க. நம்ம கடற்கரை மணல் பொடி சிலிண்டரை அரைச்சிடும்.

இப்போ ஃப்ளோட். பெட்ரோல் டேப்பை மூடுங்க, பவுலை (கார்பரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) கழட்டுங்க. ஸ்க்ரூ டிரைவர் முனை ஸ்க்ரூ தலையில ஆட்டம் இல்லாம உட்காரணும். சரியில்லாத முனையைப் போட்டு அழுத்தினா தலை வழுக்கி, அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும். ஃப்ளோட்டைக் காதுகிட்ட வச்சுக் குலுக்குங்க. உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டா அது ஓட்டை. பித்தளை ஃப்ளோட்டா இருந்தா வெந்நீர்ல அமுக்கினா ஓட்டை இருக்கிற இடத்துல குமிழி வரும்.

அடுத்தது ஃப்ளோட் நீடில், அதாவது ஃப்ளோட் ஏறினதும் பெட்ரோல் வரத்தை அடைக்கிற ஊசி. ஸ்லைடுல இருக்கிற நீடில் வேற. அதோட கூம்பு முனையை நகத்தால தடவுங்க. சுத்தி ஒரு மெல்லிய பள்ளம் தட்டுப்பட்டா மாத்துங்க, அதுக்கு வைத்தியம் கிடையாது. கார்பரேட்டரைத் தலைகீழா பிடிச்சு, பெட்ரோல் வர்ற குழாயில ஒரு ட்யூப் மாட்டி வாயால ஊதுங்க. காத்து துளியும் போகக் கூடாது.

மட்டம் பார்க்க நம்பகமான வழி: ஒரு பழைய பவுலின் அடியில ஓட்டை போட்டு நிப்பிள் வச்சு, கண்ணாடி மாதிரி தெரியற ட்யூபை மாட்டி, அதைப் பாடிக்குப் பக்கவாட்டுல நிமிர்த்திப் பிடிங்க. டேப்பைத் திறந்ததும் பெட்ரோல் ஏறி ஒரு மட்டத்துல நிக்கும். பவுல் சேருற கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் கீழே நிக்கணும். கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ மட்டம் அதிகம். ஃப்ளோட் கையில இருக்கிற சின்ன நாக்கை வளைச்சுச் சரி பண்ணலாம். ஒரு தடவைக்கு மயிரிழை அளவு போதும்.

இன்னொண்ணு, ராத்திரி டேப்பை மூடி வைக்கிறீங்களா? ஃப்ளோட் நீடில் ஒழுகினா பெட்ரோல் இன்ஜினுக்குள்ள இறங்கி ஆயிலோட கலக்கும். ஆயில் மூடியைத் திறந்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை வந்தா ஆயிலை மாத்தாம ஓட்டாதீங்க.

அக்டோபர் 8, புதன் | மஞ்சக்குப்பம்

அண்ணே, பாயிண்ட் 0.5 இருந்தது, 0.38 வச்சேன். புது கண்டென்சர். டேப்பட் சரி. ஃப்ளோட் நீடில் புதுசு மாதிரி இருக்கு, ஊதினா காத்து போகலை. ட்யூப் போட்டுப் பார்த்தேன், மட்டமும் நீங்க சொன்ன இடத்துலதான். ஆயில்ல வாசனை இல்லை. சூட்டுல ஸ்டார்ட் ஆகுறது கொஞ்சம் பரவாயில்லை. மத்தபடி அப்படியேதான். இப்போ என்ன பண்ண?

அக்டோபர் 8, புதன் இரவு

முதல் கேள்வியைத் திரும்பப் படிச்சேன். நீங்க எழுதினதுலயே பதில் இருந்தது, நான் அதைத் தாண்டிப் போயிட்டேன். "காலையில ஒரே உதை, சோக் கூட வேண்டாம்."

வார்ப்பிரும்பு புல்லட், மிக்கார்ப், ஈ20. இந்தக் கூட்டணிக்குக் காலையில சோக் வேணும், அதாவது குளிர்ல ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல். நம்ம ஊர் குளிர் இல்லாத ஊர்தான், ஆனாலும் ராத்திரி முழுக்க ஆறின இரும்பு சிலிண்டர் அரைச் சோக்காவது கேட்கும். கேட்கலைன்னா சோக் ஏற்கனவே திறந்திருக்குன்னு அர்த்தம். அதனாலதான் குளிர்ல அருமை, சூட்டுல தடுமாற்றம். ஆக்ஸிலேட்டர் திறந்ததும் குறை மறையறதுக்கும் இதுவே காரணம். விஎம் கார்பரேட்டர்ல சோக்குங்கிறது காற்றை அடைக்கிற தகடு கிடையாது. தனியா ஒரு பெட்ரோல் வழி. ஸ்லைடு மூடியிருந்து பின்னாடி உறிஞ்சு பலமா இருக்கும்போதுதான் அது பெட்ரோலை இழுக்கும்.

ஃப்ளோட்னு முதல்ல சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. அந்தச் சோதனைகள் வீண் இல்லை, ஆனா வரிசை தப்பு.

கழட்டாமலே ஒரு சோதனை. இன்ஜின் நல்லா சூடானதும் ஐடிலிங்ல வச்சுட்டு சோக் நெம்புகோலைத் தூக்குங்க. ஆரோக்கியமான கார்பரேட்டர்ல இன்ஜின் உடனே மூச்சு முட்டி அணையும். லீனா இருந்தா வேகம் ஏறும். பெரிய மாற்றமே இல்லைன்னா சோக் வழி முன்னாடியே ஒழுகிட்டிருக்கு.

கழட்டின பிறகு செய்யற சோதனை இன்னும் உறுதியானது. பவுலை எடுத்தா பாடியிலிருந்து கீழே தொங்குற மெல்லிய குழாய் ஒண்ணு தெரியும், பவுல்ல இருக்கிற தனிக் கிணத்துக்குள்ள அது முங்கியிருக்கும். அதுதான் சோக்குக்குப் பெட்ரோல் ஏறுற வழி. சோக் நெம்புகோலைக் கீழே வச்சு அந்தக் குழாயில ஊதுங்க. இன்ஜின் பக்கம் காத்து வரக் கூடாது. வந்தா பிளஞ்சர், அதாவது அந்தச் சோக் வழியை அடைக்கிற முளை, மூடலை.

அக்டோபர் 9, வியாழன்

நெல்லித்தோப்புல இருந்து ஒருத்தர் தனியா கேட்டிருக்கார்: "ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினா லீன்னு எல்லாரும் சொல்றீங்க. என் புல்லட்டுல வெளியே திருப்பினா ரிச் ஆகுது. எது சரி?"

ரெண்டும் சரி. அவர் வண்டி பின்னாடி வந்த யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூடு), அதுல பிஎஸ்29 கார்பரேட்டர். உள்ளே ரப்பர் டயஃப்ரம் இருக்கிற வகை. பொது விதி இதுதான்: ஸ்க்ரூ ஸ்லைடுக்கு ஃபில்டர் பக்கம் இருந்தா அது காற்றைக் கட்டுப்படுத்துது, உள்ளே போனா ரிச். இன்ஜின் பக்கம் இருந்தா பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துது, வெளியே வந்தா ரிச். மாடல் பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. இது தெரியாம எதிர்ப்பக்கம் திருகினவங்க நிறைய பேர்.

அந்த டயஃப்ரம் கார்பரேட்டர்ல ஐடிலிங் நல்லா இருந்து, திறந்தா வண்டி ஏறாம முக்கினா ஜெட்டைத் தொடாதீங்க. மேல் மூடியைத் திறந்து ரப்பரை வெளிச்சத்துல பிடிச்சு விரிச்சுப் பாருங்க. ஊசி முனை அளவு கிழிசல் போதும், ஸ்லைடு எழும்பாது.

அக்டோபர் 11, சனி | மஞ்சக்குப்பம்

அண்ணே, ஊதினேன். காத்து தாராளமா வருது. சோக் பிளஞ்சரைக் கழட்டினேன், படம் போட்டிருக்கேன். பாடி உள்ளேயும் வெள்ளையா ஏதோ இருக்கு.

அக்டோபர் 11, சனி மாலை

படம் தெளிவா இருக்கு, நன்றி. மத்தவங்களும் பார்க்கட்டும்னு விவரிக்கிறேன்.

பிளஞ்சர் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெருசு. அடியில இருக்கிற ரப்பர்ல வட்டமா ஒரு பள்ளம் ஆழமா பதிஞ்சிருக்கு, மோதிரம் அழுத்தின தடம் மாதிரி. ஒரு ஓரத்துல உப்பி வெளியே பிதுங்கியிருக்கு. பழைய ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்காது. சாதாரண நைட்ரைல் ரப்பர் ஊறி உப்பும், காய்ஞ்சா சுருங்கி வெடிக்கும். ஆக, பெட்ரோல் மேல நீங்க போட்ட பழியில ஒரு பங்கு உண்மை இருக்கு. ஆனா அது பாண்டி பெட்ரோல் என்பதால இல்லை.

பாடி உள்ளே தெரியற வெள்ளை, உலோகம் பூத்தது. ஈரமும் உப்புக் காத்தும் சேர்ந்தா வார்ப்பு உலோகத்துல இப்படித்தான் பூக்கும். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வெளியில நிக்கிற வண்டிகள்ல பவுல் மூலையிலயும் ஜெட் உட்காருற மரையிலயும் இதைப் பார்க்கலாம். பிளஞ்சர் உட்காருற விளிம்புல ஒரு துணுக்கு பூத்தாலே போதும், புது ரப்பர் போட்டாலும் ஒழுகும்.

செய்ய வேண்டியது: காது குடையற பஞ்சுக் குச்சியில பிராசோ தொட்டு அந்த விளிம்பை மெதுவா வட்டமா தேய்ங்க. எமரி பேப்பர் வேண்டாம், கத்தி முனை வேண்டவே வேண்டாம். வெள்ளை போனதும் கார்பரேட்டர் கிளீனர் அடிச்சு, பஞ்சர் கடையில காத்து பிடிச்சு எல்லா வழியையும் ஊதுங்க. கிளீனர் அடிக்கும்போது ரப்பர் பாகம் ஒண்ணும் பாடியில இருக்கக் கூடாது. புது பிளஞ்சர் போடுங்க, ஓ ரிங் எல்லாத்தையும் எத்தனாலைத் தாங்குற விட்டான் ரப்பர்ல வாங்குங்க. கறுப்பா இருக்கிறதெல்லாம் விட்டான் இல்லை, கடையில கேட்டு வாங்கணும். நெம்புகோல் கீழே இருக்கும்போது பிளஞ்சர் முழுசா இறங்கி உட்காருதான்னும் பாருங்க. ஸ்பிரிங் களைச்சுப் போயிருந்தா அதையும் மாத்துங்க.

பிரிச்சிருக்கும்போதே ஸ்லோ ஜெட்டையும் கவனிச்சிடுங்க. அதோட ஓட்டை தலைமுடி போற அளவுதான். குண்டூசி, இரும்புக் கம்பி எதையும் விடாதீங்க. பித்தளை மெத்து, ஓட்டை ஒரு இழை பெருசானாலும் அந்த ஜெட் வேற எண் ஆயிடும். முதுநகர்ல வலைச் சாமான் விக்கிற கடையில மெல்லிய தங்கூஸ் (நைலான்) நரம்பு கிடைக்கும். அதுல இருக்கிறதுலயே சன்னமானதை வாங்கி, முனையைச் சரிவா வெட்டி நுழைச்சு எடுங்க. ஒயர் உள்ளே இருக்கிற ஒத்தைச் செம்பு இழையும் சரிதான். பிறகு வெளிச்சத்துல பாருங்க, ஓட்டை வட்டமா தெரியணும், ஓரத்துல பழுப்பு ஒட்டியிருக்கக் கூடாது. ஸ்லோ ஜெட் கழட்ட ஸ்க்ரூ டிரைவர் முனையை ஜெட் பள்ளத்துக்குச் சரியா அரம் போட்டு வச்சுக்குங்க. அந்தப் பள்ளம் உடைஞ்சா பாடியே போச்சு.

அக்டோபர் 12, ஞாயிறு | மஞ்சக்குப்பம்

பிளஞ்சர் மாத்தியாச்சு. பாண்டி போய் வந்தேன். சூட்டுல ஐடிலிங் நிக்குது! காலையில சோக் கேட்குது அண்ணே, சோக் கேட்குது.

ஆனா புதுசா ஒண்ணு. கால் ஆக்ஸிலேட்டர் தாண்டும்போது ஒரு நொடி செத்துப் போய் அப்புறம் எழும்புது. இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விட்டா சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குது.

அக்டோபர் 12, ஞாயிறு இரவு

இது புது நோய் இல்லை. பழைய நோயை மறைக்கப் போட்ட திரைகள் இப்போ தனியா நிக்குது. சோக் ஒழுகினப்போ கலவை ரிச். அதைச் சரிக்கட்ட மெயின் ஜெட்டைக் குறைச்சாங்க, "நீடிலையும் ஏதோ" பண்ணினாங்க. ஒழுகல் நின்னதும் மிச்சம் இருக்கிறது வறட்சி மட்டும்.

ஸ்லைடை வெளியே எடுத்து நீடில் லாக் (நீடிலைப் பிடிச்சிருக்கிற கிளிப்) எந்தப் பள்ளத்துல இருக்குன்னு பாருங்க. மேலிருந்து எண்ணணும், மொத்தம் அஞ்சு. முதல் பள்ளத்துல இருக்கும்னு நினைக்கிறேன். லாக் மேலே இருந்தா நீடில் தாழ்ந்து லீன் ஆகும், கீழே இறக்கினா நீடில் உயர்ந்து ரிச். எல்லாத்தையும் பழைய இடத்துக்குக் கொண்டு வாங்க: லாக் மூணாவது பள்ளம், பழைய மெயின் ஜெட், ஏர் ஸ்க்ரூ மெதுவா முழுசா உள்ளே போய் ஒன்றரை சுத்து வெளியே. ஏர் ஸ்க்ரூவை அடியில இறுக்காதீங்க, கூம்பு முனையில வளையம் விழுந்துடும்.

அப்புறம் ட்யூனிங். இன்ஜினை அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்குங்க. ஐடிலிங் ஸ்க்ரூவால வேகத்தைக் கொஞ்சம் ஏத்தி வைங்க. ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுத்தா திருப்பி, ஒவ்வொரு தடவையும் பத்து நொடி காத்திருந்து, வேகம் உச்சமா இருக்கிற இடத்தைப் பிடிங்க. ஐடிலிங் ஸ்க்ரூவால வேகத்தைக் குறைங்க. திரும்ப ஏர் ஸ்க்ரூ, திரும்ப ஐடிலிங். மூணு சுற்றுல அடங்கிடும். ஏர் ஸ்க்ரூ கடைசியா எங்க நிக்குதுங்கிறதும் ஒரு சேதி. ஒரு சுத்துக்கும் குறைவா நின்னா ஸ்லோ ஜெட் அடைஞ்சிருக்கு, இல்லைன்னா சின்னது. இரண்டரை தாண்டினா ஜெட் பெருசு, அல்லது எங்கேயோ இன்னும் பெட்ரோல் கசியுது.

எதையும் ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்க. மாத்தினதை ஒரு நோட்டுல எழுதுங்க.

அக்டோபர் 13, திங்கள்

முந்தின குறிப்புல விட்டது: பட்பட் வெடிப்புக்குக் காற்றுக் கசிவும் காரணமா இருக்கலாம். ஹெட்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவுல ரப்பர் மேனிஃபோல்டு இருந்தா அதை வளைச்சுப் பாருங்க, மடிப்புக்குள்ள வெடிப்பு ஒளிஞ்சிருக்கும். ஃப்ளாஞ்ச் போல்ட் போட்டு இறுக்கின வகைன்னா, அதிகமா இறுக்கி ரெண்டு காதும் வளைஞ்சு நடுவுல புடைச்சிருக்கும். கண்ணாடித் தகடு மேல 400 எமரி விரிச்சு, ஃப்ளாஞ்ச் முகத்தை எட்டு மாதிரி வரைஞ்சு தேய்ச்சா எங்க படுது, எங்க படலைன்னு தெரியும். முழு முகமும் ஒரே பளபளப்பு வர்ற வரை தேய்ங்க. ஓ ரிங் புதுசு போட்டு, போல்டை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அளவா இறுக்குங்க.

கசிவு கண்டுபிடிக்க: ஐடிலிங்ல மூட்டைச் சுத்தி டபிள்யூடி-40 லேசா அடிங்க. வேகம் மாறினா அங்கே கசியுது. சூடான சிலிண்டர் பக்கத்துல பெட்ரோலை அடிச்சுப் பார்க்கிற பழக்கம் சில இடத்துல இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம், தீப்பிடிக்கும். சைலன்சர் வளைவு ஹெட்டோட சேருற இடத்துல புகை கசிஞ்சாலும் இதே வெடிப்பு வரும், அங்க கறுப்புத் தடம் இருக்கான்னு பாருங்க.

அக்டோபர் 15, புதன்

யமஹா ஆர்எக்ஸ்100, ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி, வச்சிருக்கிற ஒருத்தர் கேட்டார்: ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்காம அந்தரத்துல நிக்குது, கார்பரேட்டரை ரெண்டு தடவை மாத்தியும் தீரலை.

ரெண்டு ஸ்ட்ரோக்ல இது அவசரமான விஷயம். மேக்னெட் பக்கத்து கிராங்க் சீல் கடினமாகிப் போயிருந்தா கிராங்க் அறைக்குள்ள காற்று திருட்டுத்தனமா நுழையும். எந்த ஜெட் போட்டாலும் தீராது. அப்படியே வேகமா ஓட்டினா பிஸ்டன் ஜாம் ஆகும். மேக்னெட்டைக் கழட்டிப் பார்த்தா சீலைச் சுத்தி ஈரக் கறை தெரியும். எதிர்ப்பக்க சீல் போனா கியர் ஆயில் உள்ளே இழுக்கப்படும், அதுக்கு அடையாளம் அடங்காத வெள்ளைப் புகையும் கியர் ஆயில் மட்டம் குறையறதும். ரெண்டு சீலையும் ஒண்ணா மாத்துங்க.

அக்டோபர் 18, சனி

மழை ஆரம்பிச்சாச்சு, டேங்க்ல தண்ணியைப் பத்தி எழுதியே ஆகணும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறினப்போ பாண்டியில டேங்க் வரைக்கும் முங்கின வண்டிகள் உண்டு. பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ல அதையே செஞ்சது.

எத்தனால் கலக்காத அந்தக் காலத்து பெட்ரோல்ல தண்ணி சேர்ந்தா அடியில தனியா உருண்டு நிக்கும், வடிச்சா போயிடும். எத்தனால் கலந்ததுல அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணியை எத்தனால் தனக்குள்ள வாங்கிக்கும், வெளியே தெரியாது. அளவு மீறினதும் எத்தனாலும் தண்ணியும் கைகோத்துப் பிரிஞ்சு அடியில தங்கிடும். டேங்க் அடியிலதான் பெட்ரோல் டேப். ஆக இன்ஜினுக்கு முதல்ல போறது அந்தக் கலங்கல். டேங்க் உள்ளே துருவும் அங்கேதான் பிடிக்கும்.

சோதனை எளிது. பவுல்ல இருக்கிறதை ஒரு கண்ணாடிக் குடுவையில வடிச்சு பத்து நிமிஷம் அசையாம வைங்க. அடியில கோடு பிரிஞ்சா டேங்க்கை முழுசா காலி பண்ணுங்க. பழுப்புத் தூள் படிஞ்சா காந்தத்தைக் குடுவைக்கு வெளியில வச்சு நகர்த்துங்க. கூடவே நகர்ந்தா அது டேங்க் துரு. அதுக்கு ஃபில்டர் மட்டும் போட்டா தீராது, டேங்க்கைக் கழுவணும்.

எத்தனால் எவ்வளவு இருக்குன்னு பார்க்க ஆசைப்பட்டா: கோடு போட்ட 100 மில்லி அளவுக் குழாய்ல 10 மில்லி தண்ணி, மேல 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி அடங்க விடுங்க. எத்தனால் தண்ணியோட கீழே இறங்கிடும். கீழ்ப்பகுதி 28 மில்லி பக்கம் வந்தா, கூடின 18 மில்லி எத்தனால், அதாவது 90ல 20 சதவீதம். வெட்டவெளியில, நெருப்பு இல்லாத இடத்துல செய்ங்க, சோதிச்சதைத் திரும்ப டேங்க்ல ஊத்தாதீங்க.

ஒரு வாரத்துக்கு மேல வண்டி நிக்கப் போகுதுன்னா டேப்பை மூடி, இன்ஜின் தானா அணையற வரை ஓட விடுங்க. பவுல் காலி. காய்ஞ்ச பெட்ரோல் பிசின்தான் ஸ்லோ ஜெட்டை முதல்ல அடைக்கும்.

விலை கூடின, ஆக்டேன் அதிகமான பெட்ரோலைப் பத்தியும் ஒருத்தர் கேட்டார். இந்த இன்ஜினோட கம்ப்ரஷன் குறைவு. அதுக்கு அந்த ஆக்டேன் தேவையே இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு | மஞ்சக்குப்பம்

நீங்க சொன்ன மாதிரி லாக் முதல் பள்ளத்துலதான் இருந்தது. மூணுக்குக் கொண்டு வந்தேன், பழைய மெயின் ஜெட் போட்டேன். ஏர் ஸ்க்ரூ ஒண்ணேகால்ல நிக்குது. செத்துப் போறது முக்கால்வாசி போச்சு, லேசா ஒரு தயக்கம் மிச்சம். பிளக் வெளுப்பா இருக்கு. மெயின் ஜெட்டை ஏத்தட்டுமா?

அக்டோபர் 26, ஞாயிறு இரவு

வேண்டாம், இன்னும் இல்லை. தயக்கம் காலிலிருந்து அரைக்குள்ள வருது, அது நீடிலோட இடம். லாக்கை நாலாவது பள்ளத்துக்கு இறக்கிப் பாருங்க. ஈ20 கொண்டு வந்த வறட்சியை அந்த ஒரு படி பெரும்பாலும் ஈடுகட்டிடும்.

மெயின் ஜெட்டுக்குத் தனிச் சோதனை. புது பிளக் போட்டு, தவளக்குப்பத்துக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவுல ரோடு காலியா இருக்கிற நேரம் முக்கால் ஆக்ஸிலேட்டர்ல ஓட்டி, அதே நிலையில கிளட்சைப் பிடிச்சு இன்ஜினை அணைச்சு ஓரம் கட்டுங்க. பிளக்கைக் கழட்டி பீங்கானின் அடி வளையத்தைப் பூதக்கண்ணாடியில பாருங்க. ஈ20ல முனை எப்பவும் வெளுப்பாத்தான் தெரியும், அதை வச்சுப் பயப்பட வேண்டாம். அடியில மெல்லிசா பழுப்பு வளையம் இருந்தா போதும். வளையமே இல்லாம சுண்ணாம்பு மாதிரி இருந்தா ஒரு எண் ஏத்துங்க, 90 இருந்தா 95.

ஜெட் வாங்கும்போது மேல அடிச்சிருக்கிற எண்ணை மட்டும் நம்பாதீங்க. 50 மில்லி சிரிஞ்சுல பழைய ஜெட்டை மாட்டி, பெட்ரோல் முழுசா இறங்க எத்தனை நொடின்னு பாருங்க. அதே உயரத்துல புதுசையும் பாருங்க. பெரிய எண் ஜெட் சீக்கிரம் காலியாகணும். ஒரே நேரம் எடுத்தா அந்த எண் வெறும் அச்சு.

நவம்பர் 2, ஞாயிறு | மஞ்சக்குப்பம்

நாலாவது பள்ளம், அதே மெயின் ஜெட், பழுப்பு வளையம் இருக்கு. தயக்கம் இல்லை. மைலேஜ் 33. ஒரே ஒரு சந்தேகம்: நிறுத்தி வச்சு ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுசா திருப்பினா ஐடிலிங் ஏறுது. இதுவும் கார்பரேட்டரா?

நவம்பர் 2, ஞாயிறு இரவு

இல்லை தம்பி, ஆக்ஸிலேட்டர் கேபிள். டேங்க் அடியில எங்கேயோ இழுபட்டுக் கிடக்கு. டேங்க்கைத் தூக்கி கேபிள் போற வழியைப் பாருங்க, ஹெட் ஸ்டாக் (ஹேண்டில்பார் திரும்புற கழுத்து) பக்கம் வளைவு தாராளமா இருக்கணும். பிடியில ரெண்டு மில்லிமீட்டர் தளர்வு வைங்க. உறை வெடிச்சுத் துரு தெரிஞ்சா எண்ணெய் விட்டுக்கிட்டு இருக்காம மாத்திடுங்க, இந்த உப்புக் காத்துல அது ஒரு நாள் திறந்த நிலையிலேயே சிக்கிக்கும்.